மூமுவுக்கு முகம் உண்டு

போன மாதம் அறந்தாங்கியில் வீடியோக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஓய்வு பெற்றவள் என்று எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். போட்ட சூடு ஆறுவதற்குள், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் எழுந்து கேட்டார்: “அக்கா, நீங்க ‘விண்சாவடி’ சீரியலப் பத்தி எடுத்தது அன்அபீஷியல் டாக்குமென்டரிதானே? கம்பெனிகிட்ட பர்மிஷன் வாங்காம எடுக்குறது திருட்டுத்தனம் இல்லையா?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பதில் சொல்ல ஆரம்பித்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, “அக்காவுக்கு நன்றி, சாப்பாடு ரெடியா இருக்கு” என்று அறிவித்துவிட்டார். பதிலைவிட அவர்களுக்குப் பிரியாணி அவசரம். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மைக்கைப் பிடுங்க ஆளில்லை.

நான் அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவள். எங்கள் தொழிலில் அதற்கு மிக்சிங் என்று பெயர். டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வேலை கேட்டுப் போனபோது, முதலாளி ராமையா அண்ணன் மேசையில் டைப்ரைட்டர் இல்லை; இரண்டு வி.சி.ஆர்.தான் இருந்தன. “வெரல் வேகம் இருக்குல்ல தங்கச்சி, அது போதும்” என்றார். ஒரு மழைக்காலத்துக்குள் தொழில் கைக்கு வந்துவிட்டது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணில் புரை விழுந்து டாக்டர் போதும் என்று சொல்லும்வரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ராமையா அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது மடிப்பு இறங்கியிருந்தால் நாம் பிழைத்தோம். மடித்த கையோடு வந்தால், செய்த வேலை முழுவதையும் அவிழ்த்து மறுபடி செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கல்யாண வீடியோவும் ‘முகம் பார்க்காமல்’ ஸ்டுடியோவை விட்டு வெளியே போகக் கூடாது. மிக்சிங் முடிந்ததும் கல்யாண வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் மாப்பிள்ளையின் அத்தையோ பெண்ணின் சித்தியோ வருவார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிற படத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “மணமேல்குடி மாமா இருக்காரு, பெரியம்மா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசியில், “எங்க சின்ன மாமியாரக் காணோமே?” என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். எடுத்த டேப்பை எல்லாம் மறுபடி ஓட்டி, சின்ன மாமியார் பந்தியில் அப்பளம் நொறுக்குகிற காட்சியையாவது தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும்.

இது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். கூடப் பிறந்த தங்கச்சி கல்யாணத்தையே கேசட்டில்தான் பார்த்தார்கள். அங்கே அறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒரு முகம் தென்படவில்லை என்றால், அந்த ஆள் கல்யாணத்துக்கு வரவில்லை என்றுதான் பொருள். பந்தலில் ஓடி ஓடி வேலை செய்த தாய்மாமனைப் படத்தில் விட்டுவிட்டு, இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும் உண்டு. அதற்கப்புறம்தான் அண்ணன் இந்தச் சட்டத்தைப் போட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு கேசட்டில் இடம் மிச்சம் இருக்கும். “அதைச் சும்மா விடாதீங்க, டிவில ஓடுறது எதையாச்சும் புடிச்சு விடுங்க” என்று அங்கிருந்து சொல்லி அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘விண்சாவடி’ ஓடும். அதைப் பதிவு செய்து வாலில் சேர்த்துவிடுவேன். தாம்பூலப் பை கொடுத்து முடிந்ததும் ராக்கெட் கிளம்பும்.

விண்சாவடி என்பது வானத்தில் மிதக்கிற ஒரு தங்கும் விடுதி. ஒரு கேப்டன் அதை நடத்துவார். வாரம் ஒரு கிரகத்திலிருந்து ஆட்கள் வந்து தங்கி, சண்டை போட்டு, சமாதானமாகிப் போவார்கள். வருஷக்கணக்கில் ஓடிய தொடர். பிள்ளைகள் பல் விளக்காமல் பார்த்தார்கள். அவர்களுக்கு உயிர், கேப்டன் இல்லை, மூமு. பச்சை ரப்பர் உடம்பு, பெரிய தலை, கைக்கு மூன்று விரல். பேச்சு கிடையாது, ‘மூ’ என்று ஒரு சத்தம்தான். நாலு எட்டு வைக்கும், நிற்கும், பின்னால் சாய்ந்து தலையோடு உடம்பையும் சேர்த்துத் திருப்பித் தரையைப் பார்க்கும், அப்புறம் மறுபடி நடக்கும். அந்த நடையை நடந்து பார்க்காத பிள்ளை அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கிடையாது. ஆனால் டைட்டிலைப் பாருங்கள். கேப்டனாக நடித்தவருக்குப் பெயர் வரும். விடுதிச் சமையல்காரராக நடித்தவருக்குப் பெயர் வரும். மூமு என்று போட்டு அதற்கு நேராகவும் மூமு என்றே வரும். மூமுவாக நடிப்பது மூமுவாம். நன்றாகத்தான் இருக்கிறது கதை.

கிரகங்கள் எல்லாம் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. திருவரங்குளத்துப் பக்கத்துச் செம்மண் பொட்டல் ஒரு கிரகம். கட்டுமாவடிச் சேற்றுக் கரை இன்னொன்று. வேன்களில் வந்து இறங்கி எடுத்துக்கொண்டு போவார்கள்.

தொடர் நின்று வெகுகாலம் கழித்து சகாயராஜ் ஒரு பை நிறையக் கேசட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆவூர்க்காரர், அறந்தாங்கியில் பெண் எடுத்தவர். குவைத்தில் கிரேன் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே இருந்த காலத்தில் மச்சினன் கல்யாணக் கேசட்டின் வாலில்தான் அவருக்கு விண்சாவடி அறிமுகம். அதற்காகவே சொந்தக்காரர்கள் கேசட்டை எல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்தவர்.

“அக்கா, விஷயம் தெரியுமா? கம்பெனிக்காரங்க பழைய டேப்ப எல்லாம் அழிச்சு, அதுமேலயே வேற நிகழ்ச்சி புடிச்சிட்டாங்களாம். மொத வருசத்துக் கதை பூரா இப்ப நம்ம கல்யாணக் கேசட்டுலதான் இருக்கு. இதப் பத்தி நம்மளே ஒரு டாக்குமென்டரி எடுப்போம்.”

தொடரைத் தயாரித்த கம்பெனிக்கு அனுமதி கேட்டு எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். அதற்கும் இல்லை. புதுக்கோட்டையில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். “தாராளமா எடுங்க. ஆனா அவங்க படத்துலேருந்து ஒரு துண்டு எடுக்கக் கூடாது. பாட்டு கூடாது. டைட்டில் எழுத்து மாதிரியே எழுதவும் கூடாது” என்றார். பை நிறையக் கேசட் இருந்தும் ஒரு நொடியைக்கூட நாங்கள் தொடவில்லை. திருட்டுத்தனம் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சகாயராஜ் சோர்ந்துவிட்டார். “தொடரையே காட்டாம தொடரப் பத்தி என்னத்தக் காட்டுறது?”

ராமையா அண்ணன் யோசிக்கவே இல்லை. “நமக்குத் தெரிஞ்ச தொழிலப் பாப்போம் தம்பி. யார் யாரு வந்தாங்களோ அவங்க மூஞ்சியக் காட்டுவோம்.”

அப்படித்தான் எடுத்தோம். வேன் ஓட்டியவர், லைட் பிடித்தவர், பொட்டலில் சாப்பாடு போட்டவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனோம். அந்தச் செம்மண்ணிலேயே நிற்க வைத்துப் பேச வைத்தோம். எல்லாரும் பேசினார்கள். மூமுவுக்குள் இருந்தது யார் என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். “அத மட்டும் கேக்காதீங்க” என்றார்கள்.

அந்தச் சமயம் கட்டுமாவடிக் கல்யாணம் ஒன்று மிக்சிங்குக்கு வந்திருந்தது. பெண்ணின் அம்மா சீர்த்தட்டை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வருகிறார். குள்ளமான அம்மா. தட்டு மறைப்பதால் அவருக்குத் தன் கால் தெரியவில்லை. நாலு எட்டு வைத்தார். நின்றார். பின்னால் சாய்ந்து தலையோடு உடம்பையும் சேர்த்துத் திருப்பித் தரையைப் பார்த்தார். மறுபடி நடந்தார். நான் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

“அண்ணே, இங்கிட்டு வாங்க. மூமு” என்றேன்.

அவர் பெயர் பாக்கியம். கட்டுமாவடி மீன் ஏலக்கூடத்தில் நண்டு வியாபாரம். நாங்கள் போனபோது கூடையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கடிக்காமல் இருக்கக் கையில் ஓர் உறை போட்டிருந்தார். வெளுத்துப்போன பச்சை ரப்பர், மூன்று விரல். சகாயராஜ் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். குவைத்தில் ஆறுதலாக இருந்த கை கண்ணெதிரே நண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

“என்ன, மக கல்யாண வீடியோல எதும் கொறையா?” என்று பாக்கியம் கேட்டார்.

“கொறை ஒண்ணுமில்லங்க. அதுல நீங்க நடந்து வாரதப் பாத்தோம்” என்றார் அண்ணன்.

பாக்கியம் உறையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. நண்டு வேணும்னா வாங்கிட்டுப் போங்க.”

அண்ணன் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. “ஒங்க மூஞ்சி, ஒங்க இஷ்டம். நீங்க வேணாம்னா நாங்க இப்படியே போயிருவோம். நல்ல நண்டாப் பாத்து ஒரு கிலோ போடுங்க” என்றார். நண்டோடு ஊர் திரும்பினோம்.

மறுபடி போனோம். அதற்கப்புறமும் போனோம். ஒவ்வொரு தடவையும் நண்டு வாங்கினோம். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. என் வீட்டில் நண்டு நாற்றம் போகவில்லை. சகாயராஜ் பொறுமை இழந்து, “தூரத்துலேருந்து நடைய மட்டும் எடுத்துருவமா அண்ணே?” என்று கேட்டார். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டீக்கடையைத் தேடிப் போனார். சகாயராஜ் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் பாக்கியமே எங்களை உட்காரச் சொன்னார்.

“கரையில படம் எடுக்க வந்தாங்க. அந்த உடுப்புக்குள்ள இருந்த ஆளு வெயில் தாங்காம மயங்கி விழுந்துட்டாரு. அளவு சரியா இருக்குன்னு என்னைய உள்ள எறக்குனாங்க. அப்பறம் விடல. அந்தத் தலையில கண்ணு எடத்துல ஓட்ட இல்ல, அதோட வாய்வழியாத்தான் எனக்குப் பாக்க முடியும். காலு தெரியாது. விழுந்துருவோம்னு நின்னு நின்னு, சாஞ்சு பாத்துப் பாத்து நடந்தேன். அதத்தான் நடைன்னுட்டாங்க. புள்ளைக உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருமாம். டைரக்டரு எங்கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

கையில் இருந்த நண்டைக் கூடையில் போட்டார்.

“பொறவு மெட்ராசுக்குக் கூட்டிப் போனாங்க. மாசத்துல ஒரு வாரம். எதுக்குப் போறேன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது. பொம்பள ஒருத்தி சொல்லாமப் போயிட்டுப் போயிட்டு வந்தா ஊரு என்ன பேசும்? பேசுச்சு. எம் புருசனுக்குத் தெரியும். சத்தியம் பண்ணிட்டேன்னு அவரும் வாயத் தொறக்காமலே போயிச் சேந்துட்டாரு. எம் மக கல்யாணத்துல, பந்தியில வச்சு மாப்ள வீட்டுக்காரி ஒருத்தி கேக்குறா, ‘ஒங்க ஆத்தா மெட்ராசுல என்ன வேல பாத்துச்சு?’ன்னு. எம் மக என் மூஞ்சியப் பாக்குது. நான் மரம் மாதிரி நிக்கிறேன். ஊரான் புள்ளைக மனசு ஒடையக் கூடாதுன்னு எம் புள்ள தலகுனிஞ்சு நின்னுச்சுங்க.”

அந்தப் பந்தியை நான்தான் மிக்சிங் செய்தேன். சாம்பார் வாளி போவதைப் பார்த்தேனே தவிர, இது என் கண்ணில் படவில்லை.

“எடுங்க ஒங்க கேமராவ. சொல்றேன்” என்றார் பாக்கியம்.

படம் முடிந்ததும் வழக்கம்போல முகம் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டு அத்தை இடத்தில் பாக்கியம் உட்கார்ந்தார். கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறி வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். தன் முகம் வந்தபோது காப்பியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் கேட்டார்: “டெய்லரக் காணோமே?”

“எந்த டெய்லரு அக்கா?”

“உடுப்பு தச்சவரு. தலைய மாட்டிப் பின்கழுத்துல கொக்கி போட்டுட்டா நானா கழட்ட முடியாது புள்ள. அந்த மனுசன் கழட்டுனாத்தான் மூச்சு. எத்தன தடவ ஷாட்டு முடியுமுன்னயே ஓடியாந்து கழட்டிவிட்டுத் திட்டு வாங்குனாரு தெரியுமா? அவரு மூஞ்சி இல்லாம எம் மூஞ்சி மட்டும் எதுக்கு?”

டெய்லரைக் காரைக்குடியில் மகன் வீட்டில் கண்டுபிடித்து எடுத்துச் சேர்த்தோம். அப்புறம்தான் படத்தை யூடியூபில் போட்டோம்.

பாக்கியத்தின் மகள் முதல் வேலையாக அதை மாமியாருக்குத்தான் காட்டினாள். பந்தியில் அப்படிக் கேட்ட மாப்பிள்ளை வீட்டு அம்மாள் கட்டுமாவடிக்கே நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். வெளியூரிலிருந்தெல்லாம் மூமுவைப் பார்க்க ஏலக்கூடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் தலையில் நண்டைக் கட்டி அனுப்பினார் பாக்கியம். ராமையா அண்ணன் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதற்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை, நல்ல வேளை.

அண்ணன் போன மறுவருஷம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேனாகப் பேசினாள். தொடருக்கு ஆண்டு விழாவாம், அதிகாரபூர்வ ஆவணப்படம் எடுக்கிறார்களாம். எங்கள் படத்தைப் பார்த்து அசந்துவிட்டார்களாம். பழைய எபிசோடுகள் இருக்கிற கேசட்டுகளும், நாங்கள் எடுத்த பேட்டிகளும் கிடைத்தால் நன்றாக இருக்குமாம். “உங்க எல்லார் பேரும் கண்டிப்பா வரும் மேம்” என்றாள். அன்றைக்குப் பதில் எழுதாதவர்கள் இன்றைக்குத் தேடி வருகிறார்களே என்று சகாயராஜுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அத்தனையையும் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

படம் ஒளிபரப்பான அன்று சகாயராஜ் வீட்டில் எல்லாரும் கூடினோம். பாக்கியம் புதுச்சேலை கட்டி மகளோடு வந்திருந்தார். முதல் காட்சியே நான் பதிவு செய்த எபிசோடு. அதன் ஓரத்தில் என் வி.சி.ஆர். போடுகிற கோடு இருந்தது, என் கையெழுத்தைப் போல எனக்கு அது தெரியும். எங்கள் வேன் டிரைவர் வந்தார். லைட்மேன் வந்தார். டெய்லர்கூட வந்தார். அப்புறம் பாக்கியத்தின் குரல் வந்தது. “காலு தெரியாது, நின்னு நின்னு நடந்தேன்” என்கிறது குரல். திரையில் மூமுவின் பச்சைத் தலை. பேச்சு முடியும்வரை ரப்பர் தலைதான். கீழே எழுத்தில் ‘மூமு’ என்று போட்டிருந்தது. எங்களுக்கு ‘ரசிகர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். “எல்லாரும் இருக்காங்க. நான் எங்க புள்ள?”

நான் என்ன சொல்வேன்? எங்கள் ஸ்டுடியோவில் ஒரு சின்ன மாமியாரை விட்டால் ராப்பகலாக டேப் ஓட்டுவோம். இவர்கள் கையில் முகத்தைக் கொடுத்தோம். வாங்கி, அதன்மேல் ரப்பரை மாட்டிவிட்டார்கள். இது தவறிப்போய் விட்டுப்போனது இல்லை. உட்கார்ந்து, யோசித்து, வெட்டியது. வெட்டுகிற வேலை என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு கை போய் அந்த முகத்தை எடுத்திருக்கிறது.

அத்தோடும் விடவில்லை. அடுத்த வாரம் யூடியூபில் எங்கள் படம் இல்லை. கம்பெனி புகார் கொடுத்ததாம். எங்கள் படத்தில் இருக்கும் பேட்டிகள் அவர்கள் படத்திலும் இருக்கின்றனவாம், ஆகவே நாங்கள் திருடிவிட்டோமாம்! நாங்கள் செம்மண்ணில் வேகாத வெயிலில் நின்று எடுத்ததை வாங்கிக்கொண்டு போய், அதை வைத்தே எங்களைத் திருடர்கள் என்கிறார்கள்.

அந்தத் தேன்குரல் பெண்ணுக்கு போன் போட்டேன். “மேம், மூமுன்னா ஒரு மிஸ்டரி. ஃபேன்ஸுக்கு அந்த மேஜிக் உடையக் கூடாது. சேனல் பாலிசி” என்றாள். அவளைச் சொல்லி என்ன பயன், யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள். அப்புறம் சொன்னாள் பாருங்கள்: “ஆனா ஆண்டு விழா மேடைக்கு அந்த ஆன்ட்டிய இன்வைட் பண்றோம். புது காஸ்ட்யூம் ரெடி. அதைப் போட்டுக்கிட்டு கேப்டன் சாரோட சும்மா ஒரு ரெண்டு நிமிஷம் நடந்தா போதும். அந்த நடை வேற யாருக்கும் வரல மேம்.”

நான் போனை வைத்துவிட்டேன். வயதான மனுஷியை மறுபடி அந்த ரப்பருக்குள் இறக்கப் பார்க்கிறார்கள். பாக்கியத்திடம் சொன்னபோது, நன்றாக நாலு வார்த்தை கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

“போறேன்னு சொல்லு” என்றார்.

“அக்கா, ஒங்களுக்கு ரோஷமே இல்லையா?”

“போறேன்னு சொல்லு. கொக்கி போட ஒரு ஆளு வேணும், நீதான் வாரேன்னும் சொல்லு.”

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொடர் ஓடிய அதே நேரத்தில். சென்னையில் பெரிய அரங்கம். நேரடி ஒளிபரப்பு. முன்வரிசை முழுக்க அந்தக் காலத்துப் பிள்ளைகள், இப்போது தொந்தியும் நரையுமாக. மேடையோரத்தில் நான்தான் பாக்கியத்துக்குத் தலையை மாட்டினேன். பின்கழுத்தில் இரண்டு கொக்கி. புது உடுப்பிலும் அதை மாற்றவில்லை, உள்ளே இருப்பவரால் தானாகக் கழற்ற முடியாது.

மூமு மேடையேறி நாலு எட்டு வைத்து நின்று, சாய்ந்து, திரும்பிப் பார்த்ததும் அரங்கமே எழுந்துவிட்டது. பெரிய மனிதர்கள் தேம்பி அழுதார்கள். கேப்டன் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். தொகுப்பாளர் உருகினார்: “உள்ளே இருக்கறது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது! அதுதான் மூமு!” எங்கள் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற கேப்டனுக்கும் தெரியும். அத்தனை வருஷம் சேர்ந்து நடித்தவர். சிரித்துக்கொண்டு நின்றார்.

அப்போது மூமு நடந்தது. கேப்டனை விட்டு, தொகுப்பாளரை விட்டு, மேடையோரத்தில் என்னைப் பார்த்து வந்தது. இரண்டு அடி தூரத்தில் நின்று முதுகைக் காட்டியது. மூன்று விரலால் பின்கழுத்தைத் தட்டியது.

“கழட்டு புள்ள.”

நான் வாழ்நாள் முழுக்கத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவள். கேமரா என்றால் ஒதுங்கிப் போகிறவள். அன்று மேடையேறினேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. தடவித் தடவி ஒரு கொக்கியைக் கழற்றினேன். “மேம், மேம்!” என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவதையும் கழற்றித் தலையைத் தூக்கினேன்.

பாக்கியத்தின் முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. பின்னாலேயே வந்துவிட்ட கேப்டன் கையில் இருந்த மைக்கை எட்டி வாங்கினார். அரங்கத்தைப் பார்த்துப் பேசினார்.

“நாந்தான் மூமு. எம் பேரு பாக்கியம், ஊரு கட்டுமாவடி. நான் மெட்ராசுக்கு வந்தது இந்த வேலைக்குத்தான். வேற எதுக்கும் இல்ல.”

கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பாக்கியத்தின் மகள் அப்புறம் சொன்னாள்: நான் முதல் கொக்கியைக் கழற்றியதுமே படம் போய் சோப்பு விளம்பரம் வந்துவிட்டதாம். கடைசிவரை அந்த முகத்தைக் காட்டவே இல்லை. ஆனால் அரங்கத்தில் இருந்த அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. யாருடைய மனசும் உடைந்துபோகவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள், வெகுநேரம்.

எங்கள் படம் வக்கீல் மல்லுக்கட்டியதில் திரும்ப வந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அந்த மேடைக் காட்சியை அனுப்பிவைத்தார்கள். அதையும் சேர்த்தேன். கண் மங்கலோடு நான் கடைசியாகச் செய்த மிக்சிங் அதுதான். பாக்கியம் பஸ் ஏறி வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது கூட்டத்தில் கேள்வி கேட்ட தம்பிக்கு வருகிறேன். பர்மிஷன் வாங்கினீர்களா என்றீர்கள். வாங்கினோம் தம்பி. கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நண்டு வாங்கிக்கொண்டு, கட்டுமாவடிக்கும் அறந்தாங்கிக்கும் அலைந்து வாங்கினோம். முகம் யாருடையதோ அவரிடம் கேட்டு வாங்கினோம். கம்பெனி இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.